திண்ணையும் கடிகாரமும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுவில் இலங்கைப் பாடசாலைகள் யாவும் ஒரே வேளையில் மூடப்பட்டன. தொற்றுநோயின் அச்சம் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. திருக்கோணமலைப் பட்டினத்தில், காலையில் வெண்ணிறச் சீருடையோடு நிரைநிரையாகச் செல்லும் பிள்ளைகளைத் தெருவிற் காணோம். பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். பாடமும் அவர்களைத் தேடி வீட்டுக்கே வந்தது. தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் வந்த பாடங்களைத் துணைக்கொண்டு தாய்மாரும் தந்தைமாரும் பாட்டன் பாட்டிமாரும் ஆசிரியராயினர்.

அவர்களுள் யானும் ஒருவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகைக்கு முன்னே நின்றவன் ஆதலால், என் மகளின் பிள்ளைகள் இருவருக்குப் பாடஞ் சொல்லுவது எனக்கு ஒரு பாரமாக இராது என்றே எண்ணினேன். முதல் நாளே நேரசூசி ஒன்று வரைந்து சுவரில் ஒட்டினேன். காலை எட்டு மணிக்குத் தமிழ், எட்டு நாற்பதுக்குக் கணிதம், அதன்பின் சுற்றாடல் என்று பாடசாலையின் ஒழுங்கு அப்படியே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. எட்டு வயதுப் பேர்த்தி நாற்பது நிமிடப் பாடத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழு வயதுப் பேரனோ நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்க முடியாமல் ஒன்பது நாள் தவித்தான். கடன் வாங்கிக் கழித்தல் என்பது அவனுக்கு விளங்கவில்லை. யாரிடம் கடன், ஏன் கடன், திருப்பிக் கொடுப்பது எப்போது என்று கேட்டான். கேள்வி நியாயமானதே. ஆயினும் நேரசூசிக்கு அக்கேள்விகளைக் கேட்கச் செவி இல்லை. பத்தாம் நாள் என் மகள் அருகில் வந்து, "அப்பா, இவனுடைய வகுப்புப் பிள்ளைகள் அடுத்த அலகுக்குப் போய்விட்டார்களாம். நீங்கள் இன்னும் கழித்தலிலேயே நிற்கிறீர்களே. பிள்ளை பிந்திவிடமாட்டானா?" என்று கேட்டாள். அவள் குரலிற் கோபம் இல்லை, பயமே இருந்தது. பக்கத்தில் இருந்த பையன் அதைக் கேட்டுவிட்டான். அன்று முதல் கணிதப் புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கினான்.

பிந்திவிடுதல் என்ற சொல்லை யான் எத்தனையோ முறை பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அச்சொல் என் வீட்டுக்குள் வந்து என்னையே பார்த்தது. யாருக்குப் பிந்துதல்? எந்த இடத்துக்குப் பிந்துதல்? ஒரு குழந்தை ஏழு வயதில் இதனைக் கற்று முடித்தல் வேண்டும், இத்தனை கிழமைக்குள் முடித்தல் வேண்டும் என்று முதலில் விதித்தவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடிப் பழைய நூல்களையும் அறிக்கைகளையும் புரட்டினேன். அப்போது கண்டவற்றையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் முன்னோர் காலத்துக் கல்வி பெரும்பாலும் திண்ணையில் நடந்தது. திண்ணை முழுவதும் வீட்டின் உள்ளும் அன்று, முழுவதும் வெளியும் அன்று. ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடுவர். விசயதசமி போன்ற நன்னாளில் ஏடு தொடக்குவர். முதலில் விரித்த மணலில் விரலால் எழுதுதல். கை படிந்த பின் ஓலையும் எழுத்தாணியும். மணலில் எழுதிய பிழையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் அது போய்விடும். சிவப்பு மையினாற் பிழைக்குறி இட்டு வளர்ந்த நமக்கு அதன் அருமை எளிதில் விளங்காது.

அங்கே வகுப்பு என்ற ஒன்று இன்றைய பொருளில் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் இருந்தனர். ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான். ஒருவன் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் கடந்து மூதுரைக்கு வந்திருப்பான். மற்றொருவன் நிகண்டு மனனம் பண்ணுவான். ஆசிரியர் எழுதிக் கொடுத்த ஏட்டை மாணவன் பாடம் பண்ணி ஒப்புவித்தல் வேண்டும். ஒப்புவித்த பின்பே அடுத்த ஏடு. கணக்கிலும் அப்படியே. எண்சுவடியில் முழு எண்களோடு கீழ்வாய் எண்களும் உண்டு. கால், அரை, முக்கால் என்பவற்றோடு நில்லாது, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரை பிள்ளைகள் வாய்பாடாக அறிந்திருந்தனர். காணி வராதவனை முந்திரிக்கு அனுப்புவதில் ஆசிரியருக்கு இலாபம் எதுவும் இல்லை. அனுப்பினால் நாளை மீண்டும் அவரே காணிக்குத் திரும்புதல் வேண்டும். ஆகவே பிள்ளையின் நடையே பாடத்தின் நடையாயிற்று.

இது வெறும் வழக்கம் மட்டுமன்று. இதற்கு ஓர் இலக்கணமும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த பவணந்தி முனிவரின் நன்னூலை நாம் இலக்கண நூலாக மட்டும் அறிவோம். அதன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பும், பாடஞ் சொல்லும் முறையும், மாணாக்கர் கேட்கும் முறையும் கூறப்பட்டுள்ளன. கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளங் கொள்ளுமாறு ஆசிரியன் கொடுத்தல் வேண்டும் என்கிறது அந்நூல். ஒருமுறை கேட்டாற் போதாது, இருமுறை கேட்டாற் பிழை குறையும், மும்முறை கேட்டால் முறையறிந்து பிறருக்கு உரைக்கலாம் என்று படிகளும் சொல்கிறது. அதற்கும் மேலான கணக்கு ஒன்றும் அங்கே உண்டு. ஆசிரியரிடம் கேட்பதால் வருவது காற்பங்கு. உடன் கற்பாரோடு பழகுவதால் வருவது காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் வருவது. இதனை மாணவனாக இருந்தபோது யானும் மனனம் பண்ணித் தேர்வில் எழுதினேன். அதன்பின் முப்பது ஆண்டு ஆசிரியத் தொழில் செய்தபோது ஒருநாளேனும் அதனை நினைத்ததில்லை.

திண்ணையில் மட்டுமன்றி வீட்டுக்குள்ளேயும் கல்வி நடந்தது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு தம் ஆட்சிப் பகுதி முழுவதிலும் பள்ளிகளின் தொகையைக் கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். சென்னை நகரிலிருந்து வந்த கணக்கு வியப்புக்குரியது. பள்ளிகளிற் படித்தோர் 5,523 பேர். தத்தம் வீடுகளிற் படித்தோர் 26,963 பேர். மன்றோவுக்கே இத்தொகை மிகையாகத் தோன்றியது. 1826இல் எழுதிய குறிப்பில் அதில் ஏதோ பிழை இருத்தல் கூடும் என்று ஐயுற்றார். தொகையில் ஐயம் இருக்கலாம்; ஆயினும் வீட்டில் தந்தையும் உறவினரும் தனியாசிரியரும் கற்பிப்பது பெருவழக்கு என்பதில் அவருக்கும் ஐயம் இல்லை. அதே கணக்கெடுப்பின்போது பெல்லாரிக் கலெக்டர் காம்பெல் அனுப்பிய அறிக்கை, அக்காலப் பள்ளி நடைமுறையைக் கண்முன் நிறுத்துவது. பிள்ளைகள் பொதுவாக நான்கு பிரிவாக இருந்தனர் என்றும், தத்தம் திறமையும் முன்னேற்றமும் நோக்கி ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு ஏறினர் என்றும், கீழ்ப்பிரிவினரைப் பெரிய பிள்ளைகள் கவனித்தனர் என்றும் அதிற் காண்கிறோம். வயதும் ஆண்டும் அங்கே அளவுகோல் அல்ல.

இவை கடலுக்கு அப்பாலுள்ள செய்திகள் என்று நேயர்கள் எண்ணலாம். ஆயின் அந்நாளிற் பாக்கு நீரிணை கல்விக்கு ஒரு தடையாக இருந்ததில்லை. அங்கே ஓதிய அரிச்சுவடியும் எண்சுவடியும் நிகண்டும்தாம் இங்கும் ஓதப்பட்டன. ஒரு சிறு வேறுபாடு சொல்லத்தக்கது. தமிழகத்துத் திண்ணையில் மற்றப் பிள்ளைகளை மேற்பார்க்கும் மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஈழநாட்டில் சட்டம்பியார் என்றால் ஆசிரியரே. மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் இடையே அந்நாளில் இருந்த வேலி அவ்வளவு மெல்லியது போலும்.

திருக்கோணமலை மாவட்டத்தில் இன்னொரு வகைப் பள்ளியும் உண்டு. கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களில் முஸ்லிம் பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கும் ஓதப்பள்ளிகளே அவை. அலிஃப் என்ற முதலெழுத்திலே தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையும் தான் நேற்று நிறுத்திய இடத்திலிருந்து இன்று ஓதிக் காட்டும். திருத்தமாக வந்த பின்பே அடுத்த பகுதி. பத்துப் பிள்ளைகள் பத்து இடத்தில் இருந்து ஒரே நேரத்தில் உரத்து ஓதும்போது, வெளியே நிற்பவர்க்கு அது ஒரே இரைச்சலாகத் தோன்றும். உள்ளே இருக்கும் லெப்பைக்கு எந்தக் குரல் எந்த இடத்தில் தடுக்கிற்று என்பது தெரியும். திண்ணையின் பழைய நடை நம் மாவட்டத்தில் முற்றாக அற்றுப்போகாது நின்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

நாளின் நடையைப் பற்றிச் சொன்னேன். ஆண்டின் நடையையும் சொல்லுதல் வேண்டும். எங்கள் கரையில் ஆண்டை இரண்டாகப் பிரிப்பது காற்று. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும், கடல் கொந்தளிக்கும். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியடைய, மேற்குக் கரையிலிருந்து மீனவக் குடும்பங்கள் இங்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்து, வாடை திரும்புமுன் தம்மூர் செல்வர். தம்பலகாமத்து வயல்களுக்கும் தனி நாட்காட்டி உண்டு. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை வந்தால் வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை. பிள்ளையும் வயலில் நிற்கும். திண்ணைப் பிள்ளை ஒரு மாதம் வரவில்லையென்றால், வந்த அன்று விட்ட ஏட்டிலிருந்தே தொடங்கும். அதற்குத் தவறிய பாடம் என்று ஒன்று இல்லை. வகுப்பில் அமர்ந்த பிள்ளை ஒரு மாதம் வரவில்லையென்றால் ஒரு மாதப் பாடமே அதன் வாழ்விலிருந்து கழன்று விடுகிறது. வகுப்பு அதற்காகத் திரும்பி வருவதில்லை. தொழிலுக்காக இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் கல்வியில் இடர்ப்படுவதற்கு அவர்களின் அறிவுக்குறை காரணமன்று. இரண்டு நாட்காட்டிகளின் மோதலே பெருங்காரணம்.

விரைவுக்கு எதிரான ஓர் விந்தையான சான்றும் எங்கள் குடாவில் உண்டு. 1660ஆம் ஆண்டு, புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவில் தங்கியது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அதன் தலைவனையும், பத்தொன்பது வயதான அவன் மகன் றொபேட் நொக்சையும், வேறு சிலரையும் சிறைப்படுத்தி மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். அடுத்த ஆண்டே தந்தை இறந்தான். மகன் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டான். அவனிடம் இருந்தவை இரண்டே சமய நூல்கள். வேறு நூல் இல்லாமையால் அவற்றையே திரும்பத் திரும்பப் படித்து, ஏறக்குறைய மனப்பாடமே ஆகிவிட்டது என்று அவன் எழுதுகிறான். பின்னர் ஒரு முதியவரிடம் இருந்த ஆங்கில விவிலியத்தைத் தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்துப் பெற்றான். இளமையிற் கப்பலேறிய ஒருவன், மூன்று நூல்களை மட்டும் படித்துக்கொண்டு, உலகம் இன்றும் எடுத்துப் படிக்கும் ஒரு நூலை எழுதக் கற்றான். இதனைப் பொதுவிதியாகக் கொள்ளுதல் கூடாது என்பதை யான் அறிவேன். ஆயினும் மூதூர்ப் பக்கம் செல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, அவனது சிறையன்று. அந்த இரண்டு புத்தகங்களே.

இதுவரை கூறியதைக் கேட்டு, பழைய திண்ணை பொற்காலம் என்று யாரும் மயங்குதல் வேண்டா. திண்ணையிற் பிரம்பு இருந்தது. கொடிய தண்டனைகள் இருந்தன. பொருள் விளங்காமலே ஓதி முடித்த பிள்ளைகள் பலர். பெண்பிள்ளைகள் மிகச் சிலரே அதன் நிழலுக்கு வந்தனர். மன்றோவின் கணக்கில் சென்னையில் வீட்டிற் படித்த 26,963 பேரில் பெண்கள் 517 பேரே. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணையின் படி எட்டாத உயரம். பிள்ளையின் நடைக்கு ஏற்பப் பாடம் என்ற அந்த நற்பண்பு, உள்ளே வர இடம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இதனை மறைத்துவிட்டுத் திண்ணையைப் புகழ்வது வரலாறு ஆகாது.

திண்ணையின் முறை ஒன்று கடல் கடந்து போய், உருமாறி, மீண்டும் நம்மிடமே வந்த கதை சுவையானது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்ற அந்திரு பெல் என்ற பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியிற் புகுத்த விரும்பினார். உதவியாசிரியர்கள் அதனை விரும்பவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார், அது பலித்தது. 1797இல் அவர் இங்கிலாந்தில் வெளியிட்ட அறிக்கையிலிருந்து, பிள்ளைகளைக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆயின் அங்கே அது போய்ச் சேர்ந்த காலம் ஆலைகளின் காலம். ஓர் ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்தில், ஒரே கட்டளைக்கு எழும்பி, ஒரே கட்டளைக்கு அமரச் செய்யும் மலிவான இயந்திரமாக அது மாறிற்று. மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான், அது எஞ்சியது. இளையவனின் நடைக்குக் காத்திருந்தான், அது போய்விட்டது.

அதற்கு மேல் வந்தது பணக்கணக்கு. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு திருத்திய கல்விச் சட்டக் கோவை ஒன்று நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றிலும் படிப்படியாக ஆறு தரங்கள் வகுக்கப்பட்டன. ஆண்டுக்கொருமுறை பரிசோதகர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறிய பாடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிங் எட்டுப் பென்சு பள்ளிக்குக் கிடைக்கும். தேறாவிட்டால் அப்பணம் இல்லை. பேறுக்கேற்ற கொடை என்ற இம்முறை விரைவிலே இலங்கைக்கும் வந்தது. 1869இல் இங்கு பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் உதவி பெறும் பள்ளிகளுக்கு மாணவரின் தேர்ச்சியைப் பார்த்தே நன்கொடை வழங்கப்பட்டது. திருக்கோணமலையில் 1867இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியை ஒத்த பாடசாலைகள் வேரூன்றிய காலமும் இதுவே.

இதன் விளைவை ஆசிரியர் ஒருவரின் நிலையில் நின்று பார்த்தல் வேண்டும். அவருடைய முன்னே முப்பது பிள்ளைகள். பரிசோதகர் வரும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. விரைவாகக் கற்பவனை மேலே அனுப்பினால் இவ்வாண்டு அவனால் வரும் பணம் கூடப்போவதில்லை. ஆகவே அவன் காத்திருக்கட்டும். மெல்லக் கற்பவனுக்கு விளங்கும்வரை பொறுத்தால் நாள் போய்விடும். ஆகவே அவன் விளங்காமலே மனனம் பண்ணட்டும். திண்ணையின் மனனத்தை இகழ்ந்து வந்த முறை, தானும் மனனத்திலேயே போய் முடிந்தது. இங்கிலாந்து அம்முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் கைவிட்டது. பணக்கணக்கு போயிற்று, ஆண்டுக்கு ஒரு தரம் என்ற அளவுகோல் போகவில்லை. என் வீட்டுச் சுவரில் 2020இல் யான் ஒட்டிய நேரசூசியின் பாட்டன் அந்த 1862ஆம் ஆண்டுக் கோவைதான் என்று சொன்னால் மிகையாகாது.

நம்மவரும் இக்காலத்தில் வாளா இருந்தாரல்லர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, 1850ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பாலபாடங்களை அச்சிடத் தொடங்கினார். எளிய வாக்கியத்திலிருந்து அரிய கட்டுரைக்குப் படிப்படியாக ஏற்றிச் செல்லும் அந்நூல்கள், திண்ணையின் ஏட்டு வரிசையை அச்சுப் புத்தகத்துக்கு ஏற்பத் திருத்தியமைத்தவை எனலாம். புத்தகம் வீட்டுக்குட் புகுந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தாயும் இனி ஆசிரியை ஆகலாம் என்ற நிலை வந்தது. இது சிறிய மாறுதலன்று.

எங்கள் பட்டினத்துக்கு ஒரு பேறு, சுவாமி விபுலாநந்தரின் தொடர்பு. 1897இல் தோன்றிய இந்துப் பள்ளியை 1925இல் இராமகிருஷ்ண சங்கம் ஏற்றபோது அதன் பொறுப்பு அடிகளாரிடம் வந்தது; பின்னர் அவர் அதன் அதிபராகவும் பணியாற்றினார். அவர் கற்ற வரலாற்றை நோக்குமிடத்து, அதன் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே நடந்தது என்பது தெரியும். ஆசிரியத் தொழில் செய்துகொண்டே தனியே படித்து, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விற் தேறினார்; அவ்வாறே தனியே படித்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் தன் தேர்வுகளை எங்கிருந்து படித்தவருக்கும் திறந்து விட்டிருந்தது. எப்போது படிப்பது, எத்தனை காலம் படிப்பது என்பது படிப்பவரின் கையில்; தேர்வு மட்டும் பொது. பண்டிதத்தையும் விஞ்ஞானத்தையும் சில ஆண்டுகளுக்குள் முடித்த அதே மனிதர், யாழ் நூலுக்கு ஏறக்குறையப் பதினான்கு ஆண்டு எடுத்துக்கொண்டார். அந்நூல் 1947 ஆனியில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். ஒருவருக்கு ஒரே நடைதான் என்ற எண்ணமும் பிழையென்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. திண்ணைக்கு வெளியே நின்ற பிள்ளைகளை உள்ளே அழைத்தது அதுவே. மீனவரின் மகளும் வயற்கூலியின் மகனும் பல்கலைக்கழகம் சென்றது அந்த வழியாகத்தான். ஆகவே பாடசாலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம் என்று யான் சொல்ல மாட்டேன். பள்ளி செல்லும் கட்டாய வயதெல்லையும் 2016இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டுவிட்டது. ஆயினும் எங்கள் துறைமுக மாவட்டத்துக்கு ஒரு விதி உண்டு. பாடசாலைக் கதவு இங்கே அடிக்கடி மூடும். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தபோது மக்கள் பட்டினத்தை விட்டு ஓடினர். 1990இல் போர் மீண்டும் மூண்டபோதும் ஓடினர். 2004 திசெம்பர் 26ஆந் திகதி கடலே ஊருக்குள் வந்தது. 2006இல் மூதூர் மக்களும் சம்பூர் மக்களும் இடம்பெயர்ந்தனர். சம்பூரார் சொந்த மண்ணை மீண்டும் காணப் பத்தாண்டளவாயிற்று. அதன்பின் 2020, 2021. 2022இல் எரிபொருள் இல்லாமையாலும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒவ்வொரு முறையும் பிள்ளை பாயிலோ மரத்தடியிலோ முகாமிலோ யாராவது ஒருவரிடம் கற்றது. ஒவ்வொரு முறையும் கதவு திறந்தபோது, வகுப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்தார்களேயன்றி, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்தவர் சிலரே.

மேல்நாட்டாரும் இக்கேள்விக்குத் திரும்பி வந்தனர். அமெரிக்க உளவியலறிஞர் ஜோன் கரோல் 1963இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்தில் ஆற்றல் என்று நாம் சொல்வது, அதனைக் கற்க அப்பிள்ளைக்கு வேண்டிய காலத்தின் அளவே என்று கொள்ளலாம் என்றார். வேண்டிய காலம் கொடுத்தால் கற்கும். கொடாவிட்டால் கற்றல் குறையும். 1968இல் பெஞ்சமின் புளூம் இதனை வளர்த்து, ஒரு படியை முற்றாக அறிந்த பின்பே அடுத்த படி என்ற முறையை வகுத்தார். அவர்கள் ஆய்ந்து சொன்னதை நம் திண்ணை ஆய்வின்றியே செய்து வந்தது என்று பெருமை கொள்வோர் உண்டு. நன்னூலைத் தேர்வுக்கு மட்டும் படித்த என் போன்றோர் அப்பெருமையிற் பங்கு கேட்பது அழகன்று.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகள் பேசிய அன்று மாலை நேரசூசியைக் கழற்றினேன். கணிதப் புத்தகத்தையும் ஒரு கிழமைக்கு எடுத்து வைத்தேன். விளக்குமாற்று ஈர்க்குகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக நூலாற் கட்டிப் பேரன் கையிற் கொடுத்தேன். நான்கு கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் நாற்பத்திரண்டு. அதிலிருந்து ஏழு ஈர்க்கைத் தா என்றேன். இரண்டுதானே இருக்கிறது என்றான். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மப்பா, ஒரு கட்டை அவிழ்க்கட்டுமா?" என்று கேட்டான். அதுதான் கடன் வாங்குதல் என்று யான் சொல்லவில்லை. ஐந்து நாள் கழித்து அவனே சொன்னான். காலையில் இருபது நிமிடம் மட்டுமே இது நடக்கும். அவனுக்கு அலுத்தவுடன் நிறுத்தி விடுவோம்; சில நாட்களில் அவன் நிறுத்த விடுவதில்லை. பேர்த்தியை வேறு வழியில் விட்டேன். அவள் தன் பாடத்தைத் தானே முடித்துவிட்டு, தம்பியின் கணக்கைத் திருத்தும் வேலையை ஏற்றாள். முதலில் அதட்டினாள், அதட்டினால் அவன் எழும்பிப் போய்விடுகிறான் என்று கண்டபின் குரலைத் தாழ்த்தினாள். மூன்றாம் கிழமை பேரன் ஈர்க்குக் கட்டுகளோடு சமையலறைக்குச் சென்று, அம்மம்மாவுக்குக் கழித்தல் கற்பிக்கத் தொடங்கினான். அவளுக்குக் கழித்தல் நன்றாகத் தெரியும். தெரியாதவள் போல் இரண்டு முறை பிழைவிட்டாள். வயிற்றுவலி என்ற பேச்சு அதன்பின் இல்லை.

மகளுக்கு மட்டும் பயம் முற்றாகப் போகவில்லை. மற்றப் பிள்ளைகள் பெருக்கலுக்கு வந்துவிட்டார்கள் என்பாள். யானும் உள்ளூர அஞ்சினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ளுதல் வேண்டும். முப்பது ஆண்டுப் பழக்கம் மூன்று கிழமையிற் போகுமா?

பின்னர் பாடசாலை திறந்தது. அவனை அழைத்துச் சென்ற அன்று, பெருக்கல் இன்னும் தொடங்கவில்லை என்று ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, கைத்தொலைபேசியில் எல்லாரும் பெருக்கல் வரை வந்துவிட்டார்கள். இன்று கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேருக்குக் கழித்தல் வரவில்லை. நாளை அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். அந்த ஈர்க்குக் கட்டுகளைக் கொடுத்துவிடுவீர்களா?" என்று கேட்டார்.